கேப்டன் சாகமாட்டார், அப்புறம் எதற்குப் பதற்றம்? அறிவியல் புனைகதைத் தொடர்களில் பணயமும் விளைவும்

ஒரு விண்வெளித் தொடர். மூன்றாவது எபிசோடில் கேப்டனை எதிரிகள் பிடித்துக்கொண்டு போகிறார்கள். அவருக்கு ஒன்றும் ஆகாது என்பது நமக்குத் தெரியும். டைட்டிலில் முதல் பெயர் அவருடையது. அடுத்த வாரமும் அதே நாற்காலியில் அவர்தான் உட்கார்ந்திருப்பார். இப்படித் தெரிந்துகொண்டே பார்த்தாலும் சில எபிசோடுகள் நம்மை நாற்காலி நுனிக்கு இழுத்துவிடுகின்றன. வேறு சில எபிசோடுகளில் அண்டமே அழியப்போகிறது என்று எல்லோரும் அலறுவார்கள், நமக்குக் கொட்டாவி வரும். இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று புரிந்துகொண்டால், நீண்டகாலத் தொடர்களின் ரசிகர்கள் ஏன் அவ்வளவு கோபப்படுகிறார்கள், ஏன் முப்பது வருடம் கழித்தும் ஒரே எபிசோடைப் பற்றி வாதாடுகிறார்கள் என்பதும் புரிந்துவிடும்.

உதாரணத்துக்குப் பெரும்பாலும் ஸ்டார் ட்ரெக்கையே எடுத்துக்கொள்கிறேன். 1966இல் அமெரிக்காவில் தொடங்கிய அந்தக் கதை உலகம் இன்றுவரை வெவ்வேறு தொடர்களாக நீண்டுகொண்டே வருகிறது. இந்த விஷயத்தை மிக நன்றாகச் செய்து காட்டியதும் அதுதான், மிக மோசமாகக் கோட்டைவிட்டதும் அதுதான்.

முதலில் இரண்டு சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஒரு கதையில் பாத்திரங்கள் எதை இழக்க நேரிடலாமோ அது பணயம். இழந்த பிறகு, அல்லது ஒரு முடிவை எடுத்த பிறகு, கதையில் அதனால் மாறிப்போவது விளைவு. இரண்டும் சேர்ந்தால்தான் வேலை செய்யும். ஆட்டம் முடிந்ததும் அவரவர் காசை அவரவருக்கே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள் என்றால், மேசை மேல் லட்சம் ரூபாய் வைத்து ஆடினாலும் யாருக்கும் கை நடுங்காது. தொடர்களிலும் அதுதான் நடக்கிறது. என்ன ஆபத்து, எவ்வளவு பெரிய ஆபத்து என்று பார்வையாளர் கணக்குப் போடுவதில்லை. போனது திரும்பி வந்துவிடுமா என்பதைத்தான் பார்க்கிறார். முந்தைய எபிசோடுகளில் எல்லாமே திரும்பி வந்திருந்தால், இந்த எபிசோடிலும் வரும் என்று மனம் தானாகவே முடிவு செய்துவிடும்.

அறுபதுகளின் ஸ்டார் ட்ரெக்கில் இதற்கு ஒரு பிரபலமான அடையாளம் உண்டு. கேப்டன் கிர்க், ஸ்பாக், டாக்டர் மெக்காய் ஆகியோருடன் பெயர் தெரியாத ஒரு சிவப்புச் சட்டைக்காரரும் ஏதோ ஒரு கிரகத்தில் இறங்குவார். ஆபத்து நிஜமானது என்று காட்ட யாராவது சாக வேண்டும். முக்கியப் பாத்திரங்கள் சாக முடியாது. ஆக, அவர் சாவார். ‘ரெட் ஷர்ட்’ என்பது பலியாவதற்கென்றே கதைக்குள் வரும் ஆளைக் குறிக்கும் பட்டப்பெயராக ரசிகர்கள் மத்தியில் நிலைத்துவிட்டது.

சரி, அந்தக் காலத்துத் தொடர்கள் ஏன் அப்படி எழுதப்பட்டன? எழுத்தாளர்களுக்குத் திறமை இல்லாததால் அல்ல. அமெரிக்கத் தொலைக்காட்சியின் வியாபாரம் அப்படி. ஒரு தொடரின் நிஜமான லாபம் மறு ஒளிபரப்பில்தான் இருந்தது. உள்ளூர் நிலையங்கள் தொடர்களை மொத்தமாக வாங்கித் தங்கள் வசதிக்கேற்ப மாலை நேரங்களில் போடும். இதற்குச் சிண்டிகேஷன் என்று பெயர். பார்ப்பவர் செவ்வாய்க்கிழமை பார்த்துவிட்டு வியாழக்கிழமை விட்டுவிடலாம். நிலையம் வரிசையை மாற்றிப் போடலாம். எந்த எபிசோடை எடுத்தாலும் முன்கதை தெரியாமல் புரிய வேண்டும். அதனால் ஒவ்வொரு கதையும் தொடங்கிய இடத்திலேயே வந்து முடியும்: கப்பல் பளபளப்பாக, எல்லோரும் நலமாக. ரசிகர்கள் இதை ‘ரீசெட் பட்டன்’ என்பார்கள். 1987இல் வந்த ‘ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ நேரடியாகச் சிண்டிகேஷனுக்காகவே தயாரிக்கப்பட்டது. அதன் 178 எபிசோடுகளில் பெரும்பாலானவை இந்த விதிக்குக் கட்டுப்பட்டவைதான்.

அந்த விதிக்குள் இருந்துகொண்டே அதை மீறிய ஒரு இடம் இருக்கிறது. இந்த விஷயத்தைப் புரிந்துகொள்ள அதைவிடச் சிறந்த பாடம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

1990 ஜூன். நெக்ஸ்ட் ஜெனரேஷனின் மூன்றாவது சீசனின் கடைசி எபிசோட், ‘தி பெஸ்ட் ஆஃப் போத் வேர்ல்ட்ஸ்’ முதல் பாகம். போர்க் என்ற எதிரிகள், பாதி இயந்திரமும் பாதி உயிருமான ஒரு கூட்டம், கேப்டன் பிக்கார்டைத் தூக்கிச் சென்று தங்களில் ஒருவராக மாற்றிவிடுகிறார்கள். திரையில் அவர் முகம் வருகிறது. வெளிறிய தோல், கண்ணோரம் ஒரு கருவி. இனி தன் பெயர் லோக்யூட்டஸ் என்கிறார். அவருக்குத் தெரிந்த ராணுவ ரகசியம் அத்தனையும் இனி எதிரி கையில். துணைத் தலைவர் ரைக்கர் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே, சுடச் சொல்லி உத்தரவு போடுகிறார். அத்துடன் எபிசோட் முடிந்துவிட்டது. அடுத்த பாகத்துக்குச் செப்டம்பர் வரை காத்திருக்க வேண்டும்.

அந்தக் கோடையில் ரசிகர்கள் நிஜமாகவே பயந்தார்கள். காரணம் போர்க்கின் பலம் மட்டும் இல்லை. முதல் பாகம் முழுவதும் ரைக்கர் பதவி உயர்வு பெறுவதைப் பற்றியும், அவர் இடத்துக்கு வரத் துடிக்கும் ஷெல்பி என்ற இளம் அதிகாரியைப் பற்றியும் பேசிக்கொண்டே இருந்தது. பிக்கார்ட் போனால் ரைக்கர் கேப்டன், ஷெல்பி துணை. அவர் இல்லாமலும் தொடர் ஓடும் என்ற வழியைக் கதையே போட்டு வைத்திருந்தது. பிக்கார்டாக நடித்த பேட்ரிக் ஸ்டூவர்ட் தொடரை விட்டு விலகுகிறாரோ என்ற பேச்சும் அடிபட்டது. கதையை எழுதிய மைக்கேல் பில்லருக்கே, முதல் பாகத்தை எழுதும்போது முடிவு எப்படி வரும் என்று தெரியாது. கேப்டன் சாகமாட்டார் என்ற நம்பிக்கையில் ஒரு சின்ன விரிசல் விழுந்தது. அந்த விரிசல் வழியாகத்தான் பதற்றம் உள்ளே வந்தது.

செப்டம்பரில் பிக்கார்ட் மீட்கப்பட்டார். வழக்கப்படி அத்தோடு முடிந்திருக்க வேண்டும். அடுத்த வாரம் அவர் புதிய கிரகத்துக்குப் போய்ச் சமாதானம் பேசியிருக்க வேண்டும்.

அப்படி நடக்கவில்லை. 1990 அக்டோபர் 1 அன்று ரொனால்ட் டி. மூர் எழுதிய ‘ஃபேமிலி’ வந்தது. பூமிக்கு மேலே கப்பலைப் பழுது பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பிக்கார்ட் பிரான்ஸில் இருக்கும் சொந்த ஊருக்குப் போகிறார். அங்கே அண்ணன் ராபர்ட் திராட்சைத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இருவருக்கும் ஆகாது. தோட்டத்திலேயே கைகலப்பு வந்து, இரண்டு நடுத்தர வயது மனிதர்களும் சேற்றில் புரள்கிறார்கள். புரண்டு எழுந்து சிரிக்கிறார்கள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே பிக்கார்ட் உடைந்து அழுகிறார். தன்னால் போர்க்கைத் தடுக்க முடியவில்லை, தனக்கு அந்த வலு இல்லாமல் போய்விட்டது என்று தேம்புகிறார். அண்ணன் ஆறுதல் சொல்ல அவசரப்படவில்லை. இதைத் தூக்கிக்கொண்டுதான் நீ வாழ வேண்டும் என்ற பொருளில் ஏதோ சொல்கிறார்.

அந்த எபிசோடில் சண்டை கிடையாது, எதிரி கிடையாது. கப்பலின் கட்டுப்பாட்டு அறையைக்கூட ஒரு முறையும் காட்டவில்லை. ஆனாலும் போர்க் எவ்வளவு பயங்கரமானவர்கள் என்பதை நமக்கு உணர்த்தியது அந்தச் சேற்றுக் காட்சிதான் என்பேன். விளைவு பின்னோக்கியும் வேலை செய்யும். ‘ஃபேமிலி’யைப் பார்த்துவிட்டு முந்தைய இரண்டு பாகங்களுக்குத் திரும்பிப் போனால், அவை கனமாகத் தெரிகின்றன.

கதை அதோடும் நிற்கவில்லை. லோக்யூட்டஸை முன்னிறுத்தி போர்க் நடத்திய தாக்குதலில், வுல்ஃப் 359 என்ற இடத்தில் நடந்த போரில், நாற்பது கப்பல்கள் கொண்ட படையில் 39 அழிந்தன. 1993இல் தொடங்கிய ‘டீப் ஸ்பேஸ் நைன்’ என்ற அடுத்த தொடர் அந்தப் போருக்குள்தான் கண் விழிக்கிறது. அதன் நாயகன் பெஞ்சமின் சிஸ்கோவின் மனைவி எரியும் கப்பலுக்குள் இறந்து கிடக்கிறார். கைக்குழந்தை அல்ல, விவரம் தெரிந்த ஒரு மகன் இருக்கிறான். சில வருடம் கழித்து சிஸ்கோவும் பிக்கார்டும் நேருக்கு நேர் சந்திக்கிறார்கள். முன்பு சந்தித்திருக்கிறோமா என்று பிக்கார்ட் கேட்கிறார். நாம் ஏற்கெனவே சந்தித்திருக்கிறோம், போரில், என்கிறார் சிஸ்கோ. ஒரு தொடரில் நாயகனாக நாம் நேசித்த ஆள், இன்னொரு தொடரில் ஒருவரின் மனைவியைக் கொன்ற முகமாக நிற்கிறார். நீண்டகாலத் தொடரால் மட்டுமே செய்ய முடிந்த காரியம் இது. இரண்டு மணி நேரப் படத்துக்கு இவ்வளவு ஞாபகம் கிடையாது.

இப்போது எதிர்ப்பக்கம் போவோம். 1995 ஜனவரியில் ‘ஸ்டார் ட்ரெக்: வாயேஜர்’ தொடங்கியது. அதன் கருவைக் கேட்டாலே ஆசை வரும். ஒரு கப்பல் வீட்டிலிருந்து 70,000 ஒளியாண்டு தூரத்துக்கு வீசப்படுகிறது. முழு வேகத்தில் போனாலும் திரும்பிவர 75 வருடம் ஆகும். உதவிக்கு ஆள் இல்லை, உதிரிபாகம் இல்லை. போதாததற்கு, கப்பலில் ஒரு பகுதியினர் ஸ்டார்ஃப்ளீட் என்ற விண்படையின் வீரர்கள், மற்றவர்கள் அந்தப் படையால் தேடப்பட்டுவந்த மாக்கி கிளர்ச்சிக்காரர்கள். வேறு வழியில்லாமல் ஒரே கப்பலில் சேர்ந்து வாழ வேண்டும்.

தொடரின் கரு என்பது பார்வையாளருக்குக் கொடுக்கும் வாக்கு. ரசிகர் எதிர்பார்ப்பு என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது. ரசிகர்கள் தாங்களாகக் கற்பனை செய்துகொண்டு வந்து நின்று அடம்பிடிப்பதில்லை. தொடர் சொன்னதைத்தான் திருப்பிக் கேட்கிறார்கள். வாயேஜர் என்ன சொன்னது? இனி எல்லாமே தட்டுப்பாடு என்றது. முதல் சீசனிலேயே ஒரு காட்சியில் கணக்கும் கொடுத்தது: கைவசம் 38 ஃபோட்டான் டார்பிடோக்கள் (கப்பல் ஏவும் குண்டுகள்), தீர்ந்தால் அவ்வளவுதான், வேறு கிடைக்காது.

ரசிகர்கள் எண்ணத் தொடங்கினார்கள். 38 தாண்டியது. கப்பல் சுட்டுக்கொண்டே இருந்தது. சிறு விண்கலங்கள் ஒவ்வொன்றாக நொறுங்கின, அடுத்த வாரம் வேறொன்று தயாராக நின்றது. கிளர்ச்சிக்காரர்கள் சீருடை போட்டுக்கொண்டார்கள். முதல் சீசனுக்குப் பிறகு யார் எந்தப் பக்கம் என்பதே பெரும்பாலும் மறந்துபோயிற்று. டார்பிடோவை எண்ணியவர்களைக் கிறுக்கர்கள் என்று சொல்வது சுலபம். எனக்கு அவர்கள் மேல் மரியாதை உண்டு. கதை சொன்னதை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தவர்கள் அவர்கள். 38 என்று சொல்லாமலே இருந்திருந்தால் யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

இதன் உச்சம் 1997 நவம்பரில் இரண்டு பாகங்களாக வந்த ‘இயர் ஆஃப் ஹெல்’. அருமையான கதை, அதனால்தான் வலிக்கிறது. காலத்தையே ஆயுதமாக்கும் ஒரு எதிரியிடம் வாயேஜர் மாட்டிக்கொள்கிறது. நாள் எண்ணிக்கை திரையில் வந்துகொண்டே இருக்க, கப்பல் துண்டு துண்டாகச் சிதைகிறது. பாதுகாப்பு அதிகாரி டூவாக் பார்வை இழக்கிறார். பெரும்பாலானவர்கள் உயிர்காப்புக் கலங்களில் ஏறிப் போய்விடுகிறார்கள். நடுவே ஒரு சின்னக் காட்சி. கேப்டன் ஜேன்வேயின் பிறந்தநாளுக்கு, துணைத் தலைவர் சகோட்டே பழைய பாணியில் ஒரு பாக்கெட் கடிகாரத்தை ரெப்ளிகேட்டர் என்ற, கேட்ட பொருளை உருவாக்கித் தரும் இயந்திரத்தில் உருவாக்கிக் கொடுக்கிறார். ஜேன்வேக்கு அது பிடித்திருக்கிறது. ஆனாலும் திருப்பிக் கொடுத்துவிடுகிறார். இந்தக் கடிகாரத்துக்குப் போன சக்தியில் ஒருவருக்குச் சாப்பாடு கிடைக்கும், மருந்து கிடைக்கும், ஒரு ஜோடி பூட்ஸ் கிடைக்கும், உருக்கிவிடு என்கிறார்.

தொடரின் கரு என்ன வாக்குக் கொடுத்ததோ அது முழுவதும் அந்த ஒரு கடிகாரத்தில் இருக்கிறது. அண்டத்தின் தலைவிதி எதுவும் இல்லை. ஒரு பரிசை வாங்கிக்கொள்ள முடியாத அளவுக்கு வறுமை. பணயம் என்பது இவ்வளவு சின்னதாகவும் இருக்கலாம்.

முடிவில் ஜேன்வே சிதைந்த கப்பலை எதிரிக் கப்பல் மீது மோதவிடுகிறார். காலம் திரும்புகிறது. கப்பல் புத்தம்புதிதாக நிற்கிறது. நடந்தது எதுவும் யாருக்கும் ஞாபகம் இல்லை, ஏனென்றால் எதுவும் நடக்கவே இல்லை. எழுத்தாளர்களில் ஒருவரான பிரானன் பிராகா இதை ஒரு சீசன் முழுக்க நீட்ட விரும்பினார் என்பது பின்னாளில் வெளிவந்த செய்தி. அது நடந்திருந்தால் வாயேஜர் இன்று வேறு மாதிரி பேசப்பட்டிருக்கும்.

‘ஃபேமிலி’யை எழுதிய அதே மூர், 1999இல் வாயேஜர் எழுத்தாளர் குழுவில் சேர்ந்தார். கொஞ்ச நாளிலேயே வெளியேறிவிட்டார். இவ்வளவு அடிபட்ட கப்பல் எப்படி இவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்பது அவருடைய முக்கியமான குறைகளில் ஒன்று. அப்புறம் அவர் தானே ஒரு கப்பலை எடுத்துக்கொண்டார். 2003இல் குறுந்தொடராகத் தொடங்கி 2009 வரை ஓடிய புதிய ‘பேட்டில்ஸ்டார் கலாக்டிகா’ அது. மனித இனம் கிட்டத்தட்ட முழுவதும் அழிந்து, மிச்சமிருப்பவர்கள் சில கப்பல்களில் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். அதிபர் லாரா ராஸ்லின் அறையில் ஒரு வெள்ளைப் பலகை இருக்கும். அதில் உயிரோடிருப்பவர்களின் எண்ணிக்கை. யாராவது செத்தால் அழித்துவிட்டுக் குறைத்து எழுதுவார். முதல் எபிசோடான ‘33’இல் பல இழப்புகளுக்குப் பிறகு ஒரு குழந்தை பிறக்கிறது. அவர் எழுந்து போய் ஒன்றைக் கூட்டி 47,973 என்று எழுதுகிறார். பிறகு வந்த எபிசோடுகளில் டைட்டிலிலேயே அந்த எண் வரும். பார்க்கும் நம் கண் தானாகப் போன வாரத்து எண்ணோடு ஒப்பிடும். வாயேஜரின் 38 சும்மா சொன்ன எண். இங்கே எண்ணும் வேலையைத் தொடரே ஏற்றுக்கொண்டது.

இதுவரை படித்துவிட்டு, ஆட்களைக் கொன்றால் போதும், பணயம் வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். பல தொடர்கள் அந்தப் பள்ளத்தில் விழுந்திருக்கின்றன. நெக்ஸ்ட் ஜெனரேஷனின் முதல் சீசனில், 1988இல், பாதுகாப்பு அதிகாரி டாஷா யார் (Tasha Yar) ஒரே அடியில் சாகிறார். விண்வெளிப் பணியில் சாவு இப்படித்தான், அர்த்தமில்லாமல் வரும் என்பது அதன் பின்னிருந்த எண்ணம். வாதம் நியாயமானது, ஆனால் கதை அந்தச் சாவை வைத்து அதிகம் எதையும் செய்யவில்லை. ஒரு இரங்கல் கூட்டம், அடுத்து வேறு வேலை. அந்த வெற்றிடம் எழுத்தாளர்களையும் உறுத்தியிருக்க வேண்டும். 1990இல் வந்த ‘யெஸ்டர்டேஸ் எண்டர்ப்ரைஸ்’ என்ற எபிசோடில் மாற்றுக் காலம் ஒன்றை உருவாக்கி, அவரைத் திரும்பக் கூட்டிவந்து, தான் அர்த்தமில்லாமல் செத்ததை அவரே தெரிந்துகொண்டு, இந்த முறை தானாகத் தேர்ந்து ஒரு முடிவை நோக்கிப் போகவைத்தார்கள்.

மறுபக்கம், செத்தவர் திரும்பி வந்தாலே கதை கெட்டுவிடும் என்பதும் சரியில்லை. 1982இல் வந்த ஸ்டார் ட்ரெக் படத்தில் ஸ்பாக் இறந்தார். 1984 படத்தில் திரும்பி வந்தார். ஆனால் அதற்காக கிர்க் தன் மகனை இழந்தார், தன் கப்பலைத் தன் கையாலேயே அழித்தார். விலை கொடுத்து வாங்கிய உயிர் என்பதால் அந்த மீட்சி ஏமாற்றாகப் படவில்லை. இதோடு வாயேஜரின் இளம் அதிகாரி ஹாரி கிம்மை ஒப்பிட்டுப் பாருங்கள். 1996இல் வந்த ‘டெட்லாக்’ எபிசோடில் கப்பல் இரண்டாகப் பிரதியாகிறது, ஒரு ஹாரி சாகிறார், மற்றக் கப்பலின் ஹாரி இந்தப் பக்கம் வந்து வேலையைத் தொடர்கிறார். செத்துப்போன நண்பனின் இடத்தில் அவனைப் போலவே இன்னொருவன்! எவ்வளவு பெரிய விஷயம். எபிசோடின் கடைசியில் அதைப் பற்றி ஓரிரு வார்த்தைகள், அதோடு சரி.

சாவே இல்லாத பணயத்துக்கும் நல்ல உதாரணங்கள் உண்டு. டீப் ஸ்பேஸ் நைனில் நாக் என்ற இளம் வீரன் 1998இல் ஒரு போரில் காலை இழக்கிறான். செயற்கைக் கால் பொருத்துகிறார்கள். அந்தக் காலத்து மருத்துவத்துக்கு அது சாதாரண வேலை. ஆனால் சில வாரம் கழித்து வரும் ‘இட்ஸ் ஒன்லி எ பேப்பர் மூன்’ முழுவதும், நிஜ உலகத்துக்கு வரவே பயந்து அவன் ஒரு கற்பனைக் கேளிக்கை விடுதிக்குள் ஒளிந்துகொள்வதைப் பற்றியது. கால் திரும்பக் கிடைத்தது. தனக்கு எதுவும் ஆகாது என்று நம்பிய பையன் திரும்பக் கிடைக்கவில்லை. வாயேஜரையும் இந்த இடத்தில் பாராட்டியாக வேண்டும். 1996இல் வந்த ‘டூவிக்ஸ்’ எபிசோடில், விபத்தில் டூவாக்கும் கப்பலின் சமையல்காரர் நீலிக்ஸும் ஒன்றிணைந்து புதிய ஒரு மனிதராகிவிடுகிறார்கள். வாரங்கள் போகின்றன, அவருக்கு நண்பர்கள் சேர்கிறார்கள். பிறகு பிரிக்கும் வழி கண்டுபிடிக்கப்படுகிறது. தன்னைக் கொல்ல வேண்டாம் என்று அவர் எல்லோரிடமும் கெஞ்சுகிறார். ஜேன்வே பிரித்துவிடுகிறார். அது கொலையா, மீட்பா என்று இன்றும் ரசிகர்கள் அடித்துக்கொள்கிறார்கள். அந்த எபிசோடைப் பார்த்த யாருக்கும் ஜேன்வே பழைய ஜேன்வேயாகத் தெரிய மாட்டார். தொடர் மறந்தாலும் ரசிகர்கள் அந்த விளைவைச் சுமந்துகொண்டிருக்கிறார்கள்.

இன்றைய தொடர்களுக்குச் சிண்டிகேஷன் கட்டாயம் இல்லை. ஸ்ட்ரீமிங்கில் எல்லோரும் வரிசையாகத்தான் பார்க்கிறார்கள். ரீசெட் பட்டன் போய்விட்டது என்றுதான் நினைக்கத் தோன்றும். ஆனால் அந்த இடத்தில் வேறொரு வியாதி வந்து உட்கார்ந்திருக்கிறது: ஒவ்வொரு சீசனிலும் அண்டம் அழியும் ஆபத்து. 2021இல் ‘டாக்டர் ஹூ’ என்ற பிரிட்டிஷ் தொடரின் ‘ஃப்ளக்ஸ்’ கதையில் அண்டத்தின் பெரும்பகுதி நிஜமாகவே அழிந்தது. அழிந்ததைப் பற்றி அடுத்த வருடச் சிறப்பு எபிசோடுகளில் பெரிதாகப் பேச்சே இல்லை. 2023இல் வேறொரு எழுத்தாளர் பொறுப்பேற்ற பிறகு, அதன் நாயகனான டாக்டர் அதை நினைத்து நொறுங்கும் ஒரு காட்சி வந்தது. ஒரே ஒரு காட்சிதான். இருந்தும் பலருக்கு அண்டம் அழிந்தது அப்போதுதான் உறைத்தது.

புதிதாக ஒரு நீண்ட தொடருக்குள் நுழைபவர்கள், ஒரு பெரிய சம்பவம் முடிந்ததும் அதற்கடுத்த எபிசோடைக் கவனித்துப் பாருங்கள். சண்டை எப்படி இருந்தது என்பது எழுத்தாளரின் திறமையைக் காட்டும். மறுநாள் காலை யார் தூங்காமல் இருக்கிறார்கள், யாருடைய நாற்காலி காலியாக இருக்கிறது, உடைந்த சுவர் உடைந்தே இருக்கிறதா என்பவைதான், இந்தத் தொடர் தான் சொன்னதை ஞாபகம் வைத்திருக்கிறதா என்று காட்டிக்கொடுக்கும்.

எங்கே தொடங்குவது என்று கேட்டால், 178 எபிசோடுகளையும் பார்க்க வேண்டியதில்லை. ‘தி பெஸ்ட் ஆஃப் போத் வேர்ல்ட்ஸ்’ இரண்டு பாகங்கள், உடனே ‘ஃபேமிலி’, அப்புறம் டீப் ஸ்பேஸ் நைனின் முதல் எபிசோடான ‘எமிஸரி’. இந்த வரிசையில் பாருங்கள். நேரம் இருந்தால் வாயேஜரின் ‘இயர் ஆஃப் ஹெல்’லையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதன் கடைசி ஐந்து நிமிடத்தில் உங்களுக்குக் கோபம் வந்தால், அந்தக் கோபத்தில் உங்களுக்கு ஏராளமான கூட்டாளிகள் இருக்கிறார்கள்.